மடுல்கெல்லவின் அந்திப்பால்

இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான மடுல்கெல்லவில் பால் கீழே இறங்குகிறது, யோகட் மேலே ஏறுகிறது. காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்துக்கு முன்பே, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுப் பட்டியில் பால் கறந்து, கேனில் ஊற்றி, சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பாலுக்குள் லக்டோமீற்றர் மிதக்கிறது, மாதிரி எடுக்கிறார்கள், கொப்பியில் லீற்றர் கணக்கு ஏறுகிறது. பிறகு பால் பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிப் பக்கம் போய்விடுகிறது. அதே பாதையில் ஏறி வரும் லொறி, கடையின் குளிர்சாதனப் பெட்டிக்கு 80 கிராம் பிளாஸ்டிக் கிண்ணங்களை இறக்குகிறது. ஒரு லீற்றர் பாலில் அப்படிப்பட்ட பன்னிரண்டு கிண்ணங்களை நிரப்பலாம். அந்தப் பன்னிரண்டுக்கும் கடையில் கொடுக்கும் காசையும், காலையில் விற்ற ஒரு லீற்றருக்குக் கையில் வந்த காசையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: இதை வீட்டிலேயே செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, மூடி வைத்தால் போதும் என்று சமவெளியில் சொல்வது நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் அப்படியே செல்லாது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மடுல்கெல்ல அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். இரவில் வீட்டுக்குள்ளேயே போர்வை தேடும் ஊரில், சூட்டை நம்பி வாழும் பக்டீரியாவை வளர்ப்பதற்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். யோசனைதான் வேண்டும், இயந்திரம் அல்ல.

இந்த மலைகளுக்கு மாடு புதிதல்ல. தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. கோப்பிச் செடிக்கு எரு தேவைப்பட்டதால் துரைமார் தோட்டங்களில் மாட்டுத் தொழுவம் கட்டி, புல் வளர்த்தார்கள். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பியை ஒழித்துக்கட்டியது, தேயிலை வந்தது, மாடு தங்கிவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது சம்பளத்துக்கு வெளியே கிடைக்கும் ஒழுங்கான வருமானமானது. கொழுந்து பறித்துவிட்டு வரும்போதே தலையில் ஒரு புல்லுக்கட்டு, எரு மரக்கறித் தோட்டத்துக்கு, பால் விற்பனைக்கு. வீட்டுக்கு மிஞ்சுவது தேத்தண்ணிக்கு ஊற்றும் அளவுதான்.

தயிர் விஷயத்தில் இந்த மக்களின் முன்னோர் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் புதுமணப் பெண்ணொருத்தி கட்டித் தயிரைக் கையால் பிசைந்து, கண்ணில் தாளிப்புப் புகை பட, கணவனுக்குப் புளிக்குழம்பு சமைக்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்குலப் பெண் மோர் விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். இந்த வழக்கத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், லயத்து அறைகளில் பாலைப் பணமாக்கப் பழகினார்கள். பால்மாப் பொதி வந்த பிறகு நிலைமை இன்னும் விசித்திரமானது. கறந்த பாலைக் கொடுத்துவிட்டு, நியூசிலாந்திலிருந்து வந்த மாவைக் கரைத்துத் தேத்தண்ணி குடிப்பது இலங்கை முழுவதற்கும் பொதுவான பழக்கம். மாடு வைத்திருக்கும் வீடுகூட அதற்கு விலக்கல்ல.

வீட்டுத் தயிருக்கும் யோகட்டுக்கும் உள்ள வேறுபாடு ருசியில் தொடங்கி நுண்ணுயிரில் முடிகிறது. வீட்டுத் தயிரில் பலவகை லக்டிக் அமிலப் பக்டீரியாக்கள் கலந்திருக்கும். 25 முதல் 32 பாகை செல்சியஸ் வரை சாதாரண வெப்பத்தில் அவை எட்டு, பத்து மணி நேரம் எடுத்துப் பாலை உறைய வைக்கும். எவ்வகை எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். யோகட்டில் இரண்டே இரண்டு வகைதான்: ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ், லக்டோபசிலஸ் பல்கேரிக்கஸ். இரண்டும் சூடு விரும்பிகள். 42, 43 பாகையில் நான்கைந்து மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். ஒன்றுக்கொன்று உதவியும் செய்துகொள்ளும். பல்கேரிக்கஸ் பாலின் புரதத்தை உடைத்துத் தேர்மோபிலஸுக்கு ஊட்டம் தருகிறது. தேர்மோபிலஸ் வெளியிடும் போமிக் அமிலமும் கரியமில வாயுவும் பல்கேரிக்கஸைத் தூண்டி வளர்க்கின்றன. தனித்தனியே விட்டால் இரண்டும் மந்தம், சேர்த்தால் வேகம். யோகட்டுக்கே உரிய அந்தப் பச்சை வாசனை அசற்றல்டிஹைட் என்ற சேர்மத்தால் வருவது. மோர் வாசனையில் வளர்ந்த மூக்குக்கு முதலில் அது அந்நியமாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டில் ஒன்றை முதலில் அடையாளம் கண்டவர் ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர். 1905இல், ஜெனீவாவில், தன் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகோவ் அதை எடுத்துக்கொண்டு, பல்கேரிய விவசாயிகளின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று எழுதினார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது நோயெதிர்ப்புச் சக்தி பற்றிய ஆய்வுக்காக, தயிருக்காக அல்ல. 1919இல் ஐசக் கராசோ பார்சலோனாவில் தனோன் என்ற பெயரில் யோகட் தயாரித்து மருந்துக் கடைகள் மூலம் விற்றார். மருந்தாகத் தொடங்கியது பின்னர் சீனியும் பழமும் சேர்ந்து இனிப்புப் பண்டமாகி உலகம் சுற்றியது. மலையகக் கடைக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த இனிப்பு வடிவம்தான்.

கடைக் கிண்ணத்தின் முகப்புச்சீட்டைப் படித்தால் பெரும்பாலும் பால், சீனி, ஜெலட்டின், உறை என்று இருக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அந்தக் கட்டி பாதி ஜெலட்டினின் உபயம். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது அது. மாட்டிறைச்சி தொடாத வீடுகளும், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளும் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டு யோகட்டுக்கு ஜெலட்டின் தேவையில்லை. பாலைச் சரியாகக் காய்ச்சினால் அது தானாகவே கட்டியாகும்.

காய்ச்சுவதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, நோய்க்கிருமி ஒழிகிறது. காய்ச்சாத பாலில் புரூசெல்லோசிஸ், காசநோய் போன்றவை மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்ற இடமுண்டு. பச்சைப்பால் உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. மற்றது, புரதத்தின் குணம் மாறுகிறது. பாலின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதியுள்ளது தெளிநீர்ப் புரதம். 80 பாகைக்கு மேல் சில நிமிடங்கள் வைத்திருந்தால் இந்தத் தெளிநீர்ப் புரதம் சுருளவிழ்ந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. பால் புளித்து, அமிலத்தன்மை பிஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசீன் பின்னிக்கொண்டு உறைகிறது. ஒட்டியிருக்கும் தெளிநீர்ப் புரதம் அந்தப் பின்னலுக்குள் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு கொதி வந்ததும் இறக்கிய பாலில் செய்த யோகட் இளகலாக, ஓரத்தில் தண்ணீர் விட்டு நிற்பதற்கு இதுவே காரணம். ஆலைகளில் 85 பாகையில் அரை மணி நேரம், அல்லது 90, 95 பாகையில் ஐந்து நிமிடம் வைக்கிறார்கள்.

உயரம் இங்கே ஒரு சின்ன விளையாட்டுக் காட்டுகிறது. ஏறத்தாழ முந்நூறு மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை குறையும். மடுல்கெல்லவில் தண்ணீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுக்கலாம். யோகட்டுக்கு இது பொருட்டே அல்ல, தேவையான சூட்டை அது தாண்டிவிடுகிறது. வெப்பமானி இல்லாத வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கொதி வந்தபின் விறகை இழுத்துவிட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறு எரியும் அடுப்பில் தீ சட்டென்று ஏறி இறங்கும். பாலில் புகை வாசம் ஏறாமல் மூடி போட்டுக்கொள்வதும் நல்லது. பத்து நிமிடத்தைக் கால் மணியாக நீட்டினால் கொஞ்சம் வற்றி, யோகட் இன்னும் கட்டியாகும்.

அடுத்தது ஆற வைத்தல். பீலித் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் பாத்திரத்தை இறக்கிக் கிண்டினால், ஒரு லீற்றர் பால் கொஞ்ச நேரத்திலேயே வேண்டிய சூட்டுக்கு வந்துவிடும். கழுவிய சுண்டுவிரலைப் பாலில் வைத்துப் பத்து எண்ணும் வரை சுடாமல் தாங்க முடிந்தால், அது 45 பாகை பக்கம். எட்டுக்குள் விரலை இழுத்துக்கொண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு உறையைக் கொன்றவர்கள் அதிகம். வெதுவெதுப்பே தெரியாவிட்டால் ஆறிப்போய்விட்டது. திரும்பச் சூடாக்க வேண்டும்.

உறைக்குக் கடையில் சீனி போடாத யோகட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரணக் கிண்ணமே போதும். அதிலுள்ள சீனியும் ஜெலட்டினும் தொல்லை செய்யாது. திகதியைப் பார்த்து, புதிதாக வந்ததை வாங்க வேண்டும். ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதிகம் போட்டால் நன்றாக உறையும் என்ற நினைப்பு தவறு. புளிப்பு முந்திக்கொண்டு, யோகட் மணல் மணலாக வரும், தண்ணீர் பிரியும். உறையை முதலில் கொஞ்சம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு எல்லாப் பாலிலும் கலக்க வேண்டும். இனிப்பு வேண்டுமானால் சீனியைப் பால் காயும்போதே போடலாம். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பக்டீரியாவின் வேலை மந்தமாகும்.

மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைப்பது, புளியங்கொட்டை அளவு புளியைப் போடுவது என்ற பழைய கைமுறைகளையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காம்பின் மேல் லக்டிக் அமிலப் பக்டீரியா இயல்பாகவே ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான பால் கிடைத்தால் பெருகும். உறை மோருக்கு வழியில்லாத இடத்தில் அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் எந்தப் பக்டீரியா எவ்வளவு என்பது அதிர்ஷ்டத்தின் கையில். வருவது தயிர், யோகட் அல்ல. புளியும் எலுமிச்சையும் பாலைத் திரியச் செய்வது அமிலத்தால். அதில் உயிருள்ள உறை இல்லை. கடைக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மிளகாய்க் காம்பைத் தேட வேண்டிய அவசியம் இன்று இல்லை.

மலை வீட்டில் உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். 43 பாகையில் கலந்த பாலை மேசையில் வைத்து மூடினால், மடுல்கெல்லக் குளிரில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது அறையின் சூட்டுக்கு இறங்கிவிடும். 20 பாகைக்குக் கீழே யோகட் பக்டீரியா ஏறத்தாழ உறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் குளிரைத் தாங்கும் வேறு நுண்ணுயிர்கள் புகுந்துகொள்ளும். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும், அல்லது கசந்து, நூல்விட்டுக் கிடக்கும். “எங்கள் ஊர்ப் பாலில் யோகட் வராது” என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. பாலில் குற்றமில்லை, குளிரில்தான்.

மலிவான வழி ரெஜிபோம் பெட்டி. மீன், ஐஸ்கிறீம் விற்பவர்கள் குளிரைக் காக்கப் பயன்படுத்துவது சூட்டையும் அதேபோல் காக்கும். ஜாம் போத்தல்களில் பாலை ஊற்றி மூடி, நடுவில் சுடுநீர் நிரப்பிய போத்தல் ஒன்றோ இரண்டோ வைத்து, பெட்டியை மூடிப் பழைய கம்பளியால் சுற்றினால் ஐந்தாறு மணி நேரத்துக்குச் சூடு போதும். பெட்டி இல்லாவிட்டால் பாத்திரத்தை நான்கைந்து சாக்குக்குள் சுற்றி, அரிசிப் பெட்டியில் புதைக்கலாம். தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் பிளாஸ்க் சூட்டை இவை எல்லாவற்றையும்விட நன்றாகக் காக்கும். ஆனால் வாய் குறுகலானால் கட்டி யோகட்டை வெளியே எடுக்க முடியாது. ஊற்றிக் குடிக்கும் யோகட்டுக்கு மட்டும் சரி. பழைய சாய வாசமும் லேசில் போகாது. அடுப்போரம் வைப்பது பழைய வழக்கம். ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் குளிரும் என்பதால் பாத்திரத்தை அடிக்கடி திருப்ப வேண்டும், திருப்பினால் உறைவது கலையும். மின்சார சோற்றுப் பானையில் “சூடாக வை” நிலையில் விடுவது பார்க்க வசதியான வழி. அது 60 பாகைக்கு மேல் போய் உறையைக் கொன்றுவிடும். அதைச் சூடாக்கி, அணைத்து, வெறும் மூடிய பானையாகப் பயன்படுத்தினால் பரவாயில்லை.

நான்கு மணி நேரத்துக்குப் பின் போத்தலை மெல்லச் சரித்துப் பார்க்கலாம். கட்டியாக நகர்ந்தால் ஆயிற்று. உடனே குளிரான இடத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இந்த இடத்தில் மலைக்குளிர் கைகொடுக்கிறது. உறையும்வரை எதிரியாக இருந்தது உறைந்த பின் காவலாகிறது. இரவு முழுக்க வெளித் திண்ணையில் மூடி வைத்ததைக் காலையில் புளிக்காமல் சாப்பிடலாம். ஆனாலும் பெட்டி இல்லாத வீட்டில் அதை மறுநாளுக்குள் முடித்துவிடுவதே புத்தி.

மட்டக்களப்புப் பக்கமும் அம்பாந்தோட்டைப் பக்கமும் மண்சட்டியில் வரும் எருமைத் தயிரோடு இதை ஒப்பிட்டு ஏமாற்றமடைபவர்கள் உண்டு. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவு, பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, புரதமும் கூடுதல். மண்சட்டி தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வெளியே ஆவியாக்குகிறது. கடலோர வெயிலில் அது தயிரை இறுக்கிக் குளிரவும் வைக்கிறது. மலையில் அதே சட்டி உறையவேண்டிய பாலின் சூட்டையும் இழுத்துக்கொண்டுவிடும். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடும் சட்டித் தயிர் இலங்கையின் சிறந்த பண்டங்களில் ஒன்று. அதை ஃபிரீசியன், ஜேர்சிக் கலப்பு மாட்டின் பாலில் எதிர்பார்க்கக் கூடாது. மலைப்பாலுக்குக் கட்டி கூட வேண்டுமானால், லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்மாவைக் காய்ச்சும்போது கரைத்துவிடலாம். பால்மாவைக் குறைசொல்லிவிட்டு அதையே சேர்க்கச் சொல்வது முரண்பாடுதான். விரும்பாதவர்கள் இன்னும் கொஞ்சம் வற்றக் காய்ச்சலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் உறையாவிட்டால் மாட்டைப் பார்க்க வேண்டும். மடிவீக்கத்துக்குக் காம்பு வழியாக அன்டிபயொட்டிக் ஏற்றிய மாட்டின் பாலில் அந்த மருந்து சில நாள் தங்கும். தேர்மோபிலஸ் பென்சிலின் வகை மருந்துகளுக்கு மிக எளிதில் பலியாகும். மிகச் சிறு அளவே அதை முடக்கப் போதும். சேகரிப்பு நிலையத்தில் பலரது பாலோடு கலக்கும்போது மறையும் இந்தக் குற்றம், ஒரே மாட்டுப் பாலில் யோகட் செய்யும் வீட்டில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கால்நடை வைத்தியர் சொன்ன நாள்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. ஒரு நாள் பாலை இழப்பதற்கு யாருக்கும் மனம் வராது என்பது உண்மை. ஆனால் இந்த விதியை மீறுபவர் தன் பிள்ளைக்கே முதலில் அந்தப் பாலைக் கொடுக்கிறார். யோகட்டில் குமிழி பொங்கி, நாற்றம் வந்தால் அழுக்குப் பாத்திரமோ கையோ காரணம். சிவப்பு, பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்தெடுத்துச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். வீட்டு உறையை அடுத்தடுத்து ஊற்றும்போது சில சுற்றுகளில் இரண்டு பக்டீரியாக்களின் சமநிலை குலையும். ருசி மாறத் தொடங்கியதும் புதுக் கிண்ணம் வாங்கி மறுபடி தொடங்கலாம்.

உடம்புக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு மெச்னிகோவ் சொன்னதைத் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை. ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபணமானது வேறு. பால் குடித்தால் வயிறு பொருமும் பெரியவர்கள் தெற்காசியாவில் நிறைய. அவர்களுக்குப் பாலின் லக்டோஸ் செரிப்பதில்லை. யோகட்டின் உயிருள்ள பக்டீரியா அந்த லக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று, மீதியைக் குடலில் செரிக்கவும் உதவுகிறது. 2010இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பக்டீரியா இருந்தால் இந்தப் பயனைச் சொல்லலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் சொல்வதில் பெரும்பகுதி விளம்பரம். மற்றபடி பாலில் உள்ள புரதமும் கல்சியமும் பி12 உயிர்ச்சத்தும் யோகட்டிலும் இருக்கின்றன.

அந்தப் புரதம் தோட்டங்களில் யாருக்குத் தேவை என்பதைக் கணக்கே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில் இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது 32 வீதத்துக்குக் கிட்ட. காரணங்கள் பல: தாயின் இரத்தச்சோகை, குறைந்த பிறப்பு நிறை, தண்ணீர், மலசலகூடம், வறுமை. தினம் ஒரு கிண்ணம் யோகட் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று எழுதுவது பொய். பால் கறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பால் எட்டாமல் போவது மட்டும் தவிர்க்கக்கூடிய ஒன்று.

பால்மா எவ்வளவு நம்பகமானது என்பதை 2021, 2022 ஆண்டுகள் காட்டிவிட்டன. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 400 கிராம் பொதி 380 ரூபாவிலிருந்து 480 ஆனது. டொலர் வற்றிய 2022 மார்ச்சில் 790. தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு நாள் கொழுந்து பறித்த காசில் ஒரு பொதி பால்மா வாங்கினால் மீதி கொஞ்சம்தான். அந்த மாதங்களில்கூடக் காலைப் பால் வழக்கம்போலக் கீழே இறங்கியது, ஏனென்றால் கடனும் பள்ளிக்கூடச் செலவும் அந்தப் பாலில்தான் நின்றன.

ஆகவே விற்காதே என்று யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. சேகரிப்பு நிலையம் கொழுப்பையும் மற்றத் திண்மங்களையும் பார்த்து விலை போடுகிறது. மாத முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் அந்தத் தொகை குடும்பத்தின் முதுகெலும்பு. இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. சேகரிப்பு பல இடங்களில் காலையில் மட்டுமே. அந்தியில் கறக்கும் பால் அளவில் குறைவு, காலைப் பாலைவிடக் கொழுப்புச் சற்றுக் கூடுதல். அதைக் காய்ச்சி இரவு வைத்து, காலையில் கலந்து கொடுக்கவும் முடியாது. பெரும்பாலும் தேத்தண்ணிக்கும் கன்றுக்கும் அயல்வீட்டுக்குமாகப் போகிறது. யோகட்டுக்கு ஏற்றது இந்தப் பால். ஆறு மணிக்குக் கறந்து, ஏழு மணிக்கு உறை ஊற்றி, பெட்டியில் வைத்துவிட்டால் நள்ளிரவுக்கு முன் உறைந்திருக்கும். பகல் முழுவதும் மலையில் நிற்கும் பெண்ணுக்கு வேறு நேரமும் இல்லை. இன்னொரு வேலையையும் அவள் தலையில் வைக்காமல் இதை வீட்டு ஆண்கள் செய்தால் என்ன கெட்டுவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பால் காய்ச்சக் கொழுந்து பறிக்கும் விரல் தேவையில்லை.

விற்பனைக்குச் செய்வது வேறு கணக்கு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார்; முகப்புச்சீட்டு, திகதி, குளிர்ச்சங்கிலி எல்லாம் வேண்டும். ஒருமுறை சூடு தவறினாலும் அன்றைய பால் முழுதும் நட்டம். 2006இல் கிராமீன் அமைப்பும் தனோனும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் வங்காளதேசத்தின் பொக்ராவில் நடத்திய சிறு ஆலை இங்கே பாடமாகும். சிறு விவசாயிகளிடம் பால் வாங்கி, ஊட்டம் சேர்த்த யோகட்டை 80 கிராம் கிண்ணம் 5 டாக்காவுக்குக் கிராமப் பெண்கள் மூலம் விற்றார்கள். 2008இல் பால் விலை ஏறியதும் கிண்ணம் 8 டாக்காவானது. கிராமத்தில் விற்பனை சரிந்தது. சிறிய கிண்ணம், நகரச் சந்தை என்று திட்டத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பெயர்கள் நின்ற இடத்திலேயே மூன்று டாக்கா இப்படி ஆட்டிவிட்டது. பன்வில, மடுல்கெல்லப் பக்கம் ஒரு குழு இதைத் தொடங்க நினைத்தால் வீட்டளவில் ஒரு வருடம் பழகிவிட்டு இறங்குவதே நல்லது.

பழகுவதற்கு ஆளைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில் இருக்கிறது. கால்நடை ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் கால்நடை வைத்திய பீடமும் உண்டு. அரசின் மில்கோ நிறுவனத்துக்குத் திகனையில் ஓர் ஆலை இருக்கிறது. நாட்டின் பால் அறிவில் பெரும்பகுதி மடுல்கெல்லவிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள் குவிந்திருக்கிறது. அது மலையேறித் தமிழில் பேசும்போதுதான் லயத்துக்குப் பயன்படும். உறை ஊற்றும் சூடு, மருந்து ஏற்றிய பாலை ஒதுக்கும் நாள்கள், பாத்திரம் கழுவும் முறை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலும் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. திணைக்களமும் பால் வாங்கும் நிறுவனங்களும் அதையாவது செய்யலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாடு வைத்திருப்பவர் இன்று அந்தியில் அரை லீற்றரை ஒதுக்கி, கடையில் ஒரு கிண்ணம் சாதா யோகட் வாங்கி, ஒரு ரெஜிபோம் பெட்டியைத் தேடிப் பிடித்தால் போதும். உறைந்ததைப் பிள்ளைகளுக்குப் பகிரும் முன், அடுத்த உறைக்கு இரண்டு கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.